பக்கவாட்டுப் படம்

"அப்படியே நில்லுங்க சார், ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓடுகிறாள். ஓட வேண்டிய அவசியமே இல்லை. இந்த எக்ஸ்ரே அறையில் மற்றவர்களுக்குப் படம் எடுக்கும்போது அவள் ஓடி நான் பார்த்ததில்லை. கூன் விழுந்த கிழவர்களையும் கோணல் முதுகுப் பெண்பிள்ளைகளையும் "ஏ தாயி, கல்யாண போட்டோவுக்கா நிக்கே? வெறைச்சுக்கிட்டு நிக்காத, வீட்ல நிக்கிற மாதிரி நில்லு" என்று அதட்டிவிட்டு, எருமை தண்ணீருக்குப் போவது போல அசைந்து அசைந்து போய்ப் பொத்தானை அமுக்குகிறவள். அப்படி அதட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தான். படம் என்றதும் எல்லாரும் நிமிர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடுகிறவன் டாக்டர் முன்னால் மட்டும் சிப்பாய் மாதிரி நிற்பான். அவன் நிற்கிற அந்தப் பொய்யைப் படம் எடுத்து, கோடு போட்டு, கோணம் அளந்து, நாம் கட்டுரை எழுத வேண்டும். அதனால்தான் விதி வைத்தேன். படம் எடுக்கும் முன் வராந்தாவில் பத்து நிமிடம் நடக்க விட வேண்டும். நடந்தால் முதுகின் தசை சோர்ந்து போகும், பிடித்து வைத்திருந்த நிமிர்வு இறங்கும், அவனுடைய நிஜமான முதுகு வெளியே வரும். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தோடு. முப்பிடாதி என்னிடம் "சார், வராந்தால ஒரு நடை..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "சார் நடந்துதான் வந்திருப்பீங்க" என்று அவளே முடித்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டதிலிருந்து என் அறையில் ஏசி போட்டு மல்லாந்து படுத்திருந்துவிட்டு லிஃப்டில் இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறேன். ஓய்ந்த தசை சிறிது நேரம் எதையும் தாங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆயுள் ஆயிற்று, இவளுக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும், அதைக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. மரியாதையாம். மரியாதை என்பது மூளைக்குப் போடுகிற மாவுக்கட்டு என்று மாணவர்களுக்குச் சொல்லுவேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

பின்னால் நாடா கட்டிய இந்த அங்கி முட்டிக்கு மேலே நிற்கிறது. கால் இரண்டும் எனக்கே யாரோ ஒருவருடையதாகத் தெரிகிறது. இரண்டு கையையும் மடக்கி விரல் நுனியைக் கழுத்தெலும்பில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, பலகையை உரசாமல் நிற்கிறேன். கழுத்தின் அடியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூல் விட்டால் அது இடுப்பெலும்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது, அதுதான் கணக்கு. கொத்தனார் சுவருக்குப் பார்ப்பதுதான், அதற்கு நாங்கள் லத்தீனில் பெயர் வைத்துச் சம்பாதிக்கிறோம். நூல் எங்கே விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கே விழுந்தால் "சரி" என்று எழுதுவார்கள், எங்கே விழுந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள், இடுப்பை எவ்வளவு பின்னால் சாய்த்தால் "ஏமாற்றுகிறான்" என்று கண்டுபிடிப்பார்கள், முட்டியை எவ்வளவு மடக்கினால் தெரிந்துவிடும், எல்லாம் தெரியும். ஆகவே இடுப்பைச் சாய்க்கவில்லை. முட்டியை மடக்கவில்லை. முதுகெலும்பின் இருபக்கமும் ஓடுகிற தசையை மட்டும் ஒவ்வொரு இழையாகக் கூப்பிட்டு நிற்கச் சொல்லியிருக்கிறேன். நிற்கிறது. "மூச்ச இழுத்துப் பிடிங்க சார்." பிடிக்கிறேன். க்ளிக் வரவில்லை. "மன்னிச்சிருங்க சார், இந்த மெசினு நின்னு போச்சு. இந்தா இப்ப வந்திரும்." வந்துவிடாது. இந்த இயந்திரத்தை வாங்கும்போதே சொன்னேன். கழுத்து முதல் தொடை வரை மூன்று துண்டாக எடுத்துக் கணினி ஒட்டித் தருமாம். ஒட்டுவதை நினைத்துப் பார்த்தால் மயங்கிவிடும் போல, மாதத்தில் பாதி நாள் இப்படி நிற்கிறது. "உக்காருங்க சார், ஸ்டூல் போடுதேன்" என்கிறாள். வேண்டாம் என்று கை காட்டுகிறேன். உட்காரலாம். உட்கார்ந்தால் தசைக்கு ஓய்வு, அதுதான் எனக்கு நல்லது, எந்த முட்டாளுக்கும் தெரியும். ஆனால் இவள் வெளியே போய்ச் சொல்லுவாள். "பெரிய டாக்டர் நிக்க மாட்டாம ஸ்டூல் கேட்டாவ" என்று. ஸ்டூல் என்ற வார்த்தையை இந்த ஆஸ்பத்திரியில் இனி யாரும் என் பக்கத்தில் உச்சரிக்கக் கூடாது.

போன மாதம் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டூல் போட்டது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு பையனின் முதுகைத் திறந்து கம்பியை வைத்துத் திருகாணிகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜை விளிம்பில் வயிறு பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு ஸ்டூலின் விளிம்பு என் முழங்காலுக்குப் பின்னால் வந்து தொட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஜெபசிங்கைப் பார்க்கிறார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. ஜெபசிங் என் மாணவன். இப்போது என் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் ஊர் அவனைச் சின்ன டாக்டர் என்கிறது, அதற்கு அவன் கோபப்படுவதுகூட இல்லை. மெஞ்ஞானபுரத்துக்காரன். கோபம் வந்தால் தலையைக் குனிந்து உள்ளுக்குள் ஜெபம் பண்ணுவான் என்று நினைக்கிறேன். அவன்தான் கேட்டான். என் அறைக்கு வந்து, நின்றுகொண்டே, உட்கார் என்று சொல்லியும் உட்காராமல், "சார், ஒரு ஸ்டாண்டிங் படம் மட்டும் எடுத்துப் பாத்துருவோமா? நமக்குள்ள. கோமதி கேஸுக்கு முன்னால" என்றான். நமக்குள்ள. இந்த வார்த்தையைப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறான். கோமதி பதிமூன்று வயதுப் பெண். மேலே வார்டில் சேர்த்தாகிவிட்டது. அவளுடைய முதுகெலும்பு எஸ் மாதிரி வளைந்து ஒரு பக்க விலா பின்னால் மூட்டை கட்டியிருக்கிறது. வியாழக்கிழமை திறக்க வேண்டும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நின்று செய்ய வேண்டிய வேலை. நரம்புக்கு நூலிழை பக்கத்தில் திருகாணி போகும். கை நடுங்கினால் போயிற்று என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கை நடுங்காது. இடுப்புதான் விழும். இடுப்பு விழுந்தால் தோள் முன்னால் வரும், தோள் வந்தால் கை தன் உயரத்தை மறந்துவிடும். இது எனக்குத் தெரியும் என்பது ஜெபசிங்குக்குத் தெரியாது. படம் சரியாக வந்தால் வியாழக்கிழமை நான். படம் சரியில்லாவிட்டால் வியாழக்கிழமை அவன், அதற்கப்புறம் வருகிற எல்லாக் கிழமையும் அவன். அதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரி எடுப்போம் என்றேன், அவனுடைய முகத்தில் வந்த அந்த நிம்மதியைப் பார்க்கவே எடுப்போம் என்றேன்.

கணினி சுற்றிக்கொண்டிருக்கிறது. முப்பிடாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுகிறாள், டிவியைத் தட்டுவது போல. அவள் திரும்பவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கையைக் கழுத்தெலும்பிலிருந்து எடுத்துத் தொடைமேல் ஊன்றுகிறேன். எவ்வளவு சுகம். இப்படித் தொடையில் கையை ஊன்றித் தன் முதுகைத் தானே தாங்கிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். வயலில் குனிந்தே நடவு நடும் பெண்கள். வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து முதுகுத் தசை இற்றுக் கொழுப்பாகிப் போகும். காலையில் எழுந்ததும் நேராக இருப்பார்கள், வாய்க்கால் தாண்டுவதற்குள் உடம்பு முன்னால் மடங்கிவிடும். படுத்தால் மறுபடி நேராகிவிடும். நான் அவர்களைப் பற்றித்தான் எழுதினேன். எங்கெங்கோ படித்தார்கள். அதில் ஒருத்தி மாடத்தி. அவளுடைய பக்கவாட்டுப் படம் இரண்டும், ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, பாதி உலகம் பார்த்தாகிவிட்டது. அரிவாள் மாதிரி இருந்தவள் நான் கம்பி வைத்து இறுக்கியதும் உலக்கை மாதிரி ஆனாள். நூல் விட்டால் இடுப்பில் வந்து விழும். திரையில் அந்தப் படம் வந்ததும் வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள், அவர்கள் அளவாகத்தான் தட்டுவார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது தட்டுவது போல. மாடத்தி மறுபடி வந்தாள். நிற்கிறாயா என்றேன். "நல்லா நிக்கேன் சார். கோயில் கொடிமரம் மாதிரி நிக்கேன். குனியத்தான் முடியல." இனி நீ குனியவே வேண்டாம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷனும் சிரித்தான். "குனியாம எனக்கு யார் சார் கூலி தருவா?" என்றாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நான் முதுகெலும்பைப் பார்க்கிறவன், கூலியை அல்ல. அவள் சோற்றுக்கு நான் என்ன செய்ய முடியும். ஆனால் வெளியே போய் ஆய்வுக்கான கேள்வித்தாளில் என்ன சொல்லியிருக்கிறாள் என்றால், மிகவும் திருப்தி. எல்லாவற்றிலும் மிகவும் திருப்தி. காரில் ஏறி இறங்கச் சிரமமா என்று ஒரு கேள்வி, வெளிநாட்டில் தயாரித்தது, நாங்கள் தமிழாக்கி வைத்திருந்தோம். சிரமமே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எந்தக் கார்? ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேள்வி கேட்ட பெண் கேட்டதற்கு, "பெரிய டாக்டர் மனசு சங்கடப்படக் கூடாதுல்லா" என்றாளாம். இப்படித்தான் எல்லாருமே. என் மனசு சங்கடப்படக் கூடாது என்று ஒரு ஜில்லாவே நிமிர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, வலியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்று வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்தப் பதில்களை வைத்து நான் வரைந்த கோடு அழகாக ஏறிற்று. படம் எவ்வளவு நேரோ அவ்வளவு திருப்தி. எவனும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படத் தெரிந்த ஒருவனாவது இந்தத் தொழிலில் இருப்பான் என்று வருடம் வருடமாக எதிர்பார்த்தேன்.

எனக்கும் அந்த நடவுப் பெண்களின் நோயா. அதைத்தான் ஜெபசிங் நினைக்கிறானா. நான் எந்த வயலில் குனிந்தேன். முப்பது வருடம் மேஜைக்கு மேலே... இல்லை. இதை இப்போது யோசிக்க வேண்டாம். யோசித்தால் தசை கேட்டுவிடும். காலையில் முகம் மழிக்கும்போது ரஞ்சிதம் கதவருகில் வந்து நின்றாள். "எதுக்குக் குழாய்த்தொட்டி மேல படுத்துக்கிட்டு மழிக்கிறீங்க?" என்றாள். படுக்கவில்லை, முழங்கையை ஊன்றியிருந்தேன். கண்ணாடி கீழே மாட்டியிருக்கிறது என்றேன். "நீங்கதான் மாட்டச் சொன்னீங்க" என்றாள். மனைவிமார்களுக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கிறதோ, தேவையான எதுவும் ஞாபகம் இருக்காது. "வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை. வலி என்று சொல்ல முடியாது அதை. இடுப்புக்கு மேலே ஒரு பலகையை யாரோ உருவிக்கொண்டு போவது போல இருக்கும். நடக்கும்போது முதலில் ஒன்றுமில்லை, பிறகு தரை கொஞ்சம் பக்கத்தில் வரும். தெருவில் நாய்களின் முகம் தெரிய ஆரம்பிக்கும். அவ்வளவுதான். கார் நிற்கிற இடத்தை வாசலுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டேன். ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வொரு கட்டிலின் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்று பேச ஆரம்பித்தேன். நோயாளிகளுக்கு ஒரே சந்தோஷம். பெரிய டாக்டர் இப்போதெல்லாம் நின்று நிதானமாக விசாரிக்கிறாராம். யாருக்காவது ஒருநாளாவது தோன்றியதா, இந்த மனுஷன் எதற்காகத் திடீரென்று அன்பாகிவிட்டான் என்று. அன்புக்கு எப்போதும் ஒரு ஊன்றுகோல் வேண்டும். "சார், வந்துட்டு!" என்று முப்பிடாதி கூவுகிறாள். கையைத் தொடையிலிருந்து எடுக்கிறேன். பார்த்துவிட்டாளா. பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கோயிலில் சாமிக்கு உடை மாற்றும்போது திரை போடுவது மாதிரி அவளே தன் கண்ணுக்குத் திரை போட்டுக்கொண்டாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க சார்." விரல் கழுத்தெலும்பில். இழுக்கிறேன். இப்போது பலகை உருவப்படுகிற அந்த இடம் தெரிகிறது, ஒரு விரல்கடை அளவு, இடது பக்கம், அங்கே ஒரு இழை அவிழ்கிறது. நில். இந்த ஆஸ்பத்திரியின் முதல் செங்கல்லிலிருந்து நான் நின்றிருக்கிறேன், நில். காது இரைகிறது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் போகிறது. க்ளிக். இயந்திரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. க்ளிக். முட்டி மடங்கப் பார்க்கிறது, மடங்கினால் கடைசித் துண்டில் தெரியும். க்ளிக். "விட்டுருங்க சார்." விடவில்லை. அவள் தலையைக் குனிந்து கணினியைப் பார்க்கும்வரை விடவில்லை.

ஜெபசிங் வந்திருக்கிறான். நான் அங்கியைக் கழற்றிச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் திரைக்கு முன்னால் நின்று கோடு போட ஆரம்பித்துவிட்டான். நான் நாற்காலியில் உட்காருகிறேன். இப்போது உட்காரலாம், படம் பார்க்கும்போது பெரியவர்கள் உட்காருவது வழக்கம். திரையில் என் முதுகு. எவ்வளவோ முதுகுகளைத் திரையில் பார்த்திருக்கிறேன், இது யாருடையது என்று கேட்டால் ஒரு ஐம்பது வயதுக்காரனுடையது, வேலைக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பேன். அவன் கழுத்தின் அடியில் புள்ளி வைத்து நூலை இறக்குகிறான். சுட்டி அவன் கையில் கொஞ்சம் தயங்குகிறது. நூல் இறங்குகிறது. இடுப்புக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் விழுகிறது. இடுப்பின் சாய்வை அளக்கிறான். சரியாக இருக்கிறது. மறுபடி அளக்கிறான். முகத்தில் ஒரு விளக்கு ஏறுகிறது. "சார்" என்கிறான், "சார், ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்ல சார். என் முதுகைவிட நல்லா இருக்கு." முப்பிடாதி அதைக் கேட்டு, "சாருக்கு என்னத்துக்குக் கொறை" என்கிறாள். ஜெபசிங் திரும்பி என்னைப் பார்க்கிறான். "நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன் சார். அன்னைக்கு சுகர் ஏதாவது குறைஞ்சிருக்கும். வியாழக்கிழமை நீங்களே பண்ணுங்க. நான் அசிஸ்ட் பண்றேன்." அவன் கண் ஈரமாக இருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இவ்வளவுதானா. என் கையால் உருவாக்கியதில் ஆகச் சிறந்தது இவ்வளவுதானா. ஒரு படம், மூன்று கோடு, உடனே ஸ்தோத்திரம். தியேட்டரில் நான் மேஜைமேல் சாய்ந்ததை இவன் கண்ணால் பார்த்திருக்கிறான். கண்ணால் பார்த்ததைவிட இந்தத் திரை பெரிதாகப் போய்விட்டது. இவன் நான் சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறான், ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை. கீழே தட்டச்சு அடிக்கிறான். இயல்பான அமைப்பு. எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல் அடிக்கிறான். நாளைக்கு எனக்கு இந்த முதுகு முற்றிலும் மடங்கினால் யார் திறப்பார்கள்? இந்த ஜில்லாவில் இவன்தான், சென்னைக்குப் போனால் என்னைவிடப் பெரிய போலிகள் இருக்கிறார்கள். இவன் கையில் என் முதுகு. இவன் கையில் கோமதியின் முதுகும் போகும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்றைக்கோ ஒருநாள். வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாம். எழுந்து போ. கார் வாசலிலேயே நிற்கிறது.

"ஜெபசிங்" என்கிறேன், "படம் எடுக்குமுன்னால கேஸை நடக்க விட்டியா?" அவனுக்குப் புரியவில்லை. "சார், நீங்க..." என்கிறான். "நான் யாரு? நான் இப்ப கேஸு. கேஸை நடக்க விட்டியா?" அவன் முப்பிடாதியைப் பார்க்கிறான். முப்பிடாதி தன் செருப்பைப் பார்க்கிறாள். "சார் நடந்துதான்..." என்கிறாள். "நடக்கல" என்கிறேன். "மத்தியானத்துலேருந்து ஏசி போட்டுப் படுத்துக் கிடந்தேன். லிஃப்ட்ல வந்தேன். ஒருத்தருக்குக் கேக்க வாயில்லை. நாளைக்கு ஒரு கிழவி இப்படி ஏமாத்திட்டுப் போனா அவளையும் கும்பிட்டு அனுப்புவீங்க. பத்திரிகையில வேற எழுதுவீங்க." என் குரல் எனக்கே கேட்கிறது, வகுப்பில் பேசுகிற குரல், பிடித்த குரல். பேசப் பேசத் தெளிவாகிறது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. நிறுத்த முடியவில்லை. தப்பைக் கண்டால் எனக்கு நிறுத்த வராது, அது என்னுடைய தப்பாக இருந்தாலும். ஜெபசிங்கின் முகத்தில் அந்த விளக்கு அணைகிறது. அணைந்த இடத்தில் இன்னொன்று வருகிறது, அதை நான் இத்தனை வருடத்தில் அவனிடம் பார்த்ததில்லை. அடித்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அழிக்கிறான். "நடங்க சார்" என்கிறான். "பத்து நிமிஷம். நான் கூட வாரேன்." "நீ எதுக்கு? கையப் பிடிக்கவா?" "இல்ல சார்" என்கிறான். "பாக்க."

வராந்தாவில் நடக்கிறேன். சாயங்கால ஓ.பி. ஆரம்பித்துவிட்டது. பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்னைக் கண்டதும் வரிசையாக எழுந்திருக்கிறார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எழ முடியாதவர்கள்கூட. யார் இவர்களை எழச் சொன்னது. ஜெபசிங் பக்கத்தில் வரவில்லை, இரண்டு எட்டு தள்ளிப் பக்கவாட்டில் வருகிறான், சரியான இடம், அங்கிருந்துதான் எல்லாம் தெரியும். முதல் நடை ஒன்றுமில்லை. திரும்புகிறேன். மருந்துக் கடையைத் தாண்டும்போது பலகை உருவப்படுகிறது. நான் பிடிக்கவில்லை. பிடித்தால் இவன் மறுபடி நம்பிவிடுவான். தரை பக்கத்தில் வருகிறது, தரையில் யாரோ போட்ட புளிப்பு மிட்டாய்த் தாள், ஒரு குழந்தையின் கொலுசுக் கால். குனிந்தபடியே நடக்கிறேன். எதிரே இருக்கிறவர்களின் முகம் தெரியவில்லை, வயிறும் கையும் மட்டும் தெரிகிறது, கைகள் எல்லாம் சேர்ந்து கும்பிடுகின்றன. ஒரு பெண்பிள்ளைக் குரல், "எக்கா, பாருங்க, பெரிய டாக்டர் எல்லாத்துக்கும் கும்பிட்டுட்டே போறாவ!" என்கிறது. "நல்ல மனுசம்லா" என்கிறது இன்னொரு குரல். மூடர்கள். அதைக் கேட்டு முன்னாலிருக்கிற கைகள் இன்னும் கீழே இறங்குகின்றன, தலைகள் என் உயரத்துக்கு வருகின்றன. சிரிப்பு வருகிறது எனக்கு, சிரித்தால் இன்னும் மடங்கும். ஒரு சிவப்புச் சேலை வழியை மறிக்கிறது. கோமதியின் அம்மா. "சார், புள்ளைக்கு வியாழக்கிழமைதான சார்? நீங்கதான சார் பண்ணுவீய?" என்கிறாள். அவளைப் பார்க்கத் தலையை மட்டும் தூக்க வேண்டியிருக்கிறது, ஆமை மாதிரி. தூக்குகிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு மேலே, பின்னால், முதுகைப் பார்க்கிறாள். தன் பெண்ணின் முதுகை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண். அவள் கைகள் கும்பிடவில்லை. "இவர் பண்ணுவார்" என்கிறேன். அவள் ஜெபசிங்கைப் பார்க்கிறாள். "சின்ன டாக்டரா?" "ஆமா" என்கிறேன், "கேள்வி கேக்கத் தெரியாது. வேலை தெரியும்." ஜெபசிங் அவளுக்கு வழிவிட்டு, அதே இரண்டு எட்டு தூரத்தில், பக்கவாட்டில் நின்று, நான் மறுபடி நடக்கக் காத்திருக்கிறான்.